பஸ்ஸில் பெயர் இருக்கிறது, பப்பைக் காணோம்: ஜாக் ஸ்ட்ராஸ் காசில்

வடகரைவாசி (இழையைத் தொடங்கியவர்)

லண்டனில் வேலை முடிந்து 210 பஸ்ஸில் கோல்டர்ஸ் கிரீன் பக்கம் வரும்போது ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் ஒரு நிறுத்தம் வரும். "ஜாக் ஸ்ட்ராஸ் காசில்" என்று ஒலிபெருக்கி சொல்லும். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமனார் போன வாரம் அதைக் கேட்டுவிட்டு, "கோட்டையா? எங்கே?" என்று ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டார். கோட்டை ஏது? வெள்ளைப் பலகை அடித்து, உச்சியில் கொத்தளம் போலப் பல் பல்லாக வெட்டிய பெரிய மரக் கட்டடம் ஒன்றுதான் நிற்கிறது. "அது முன்பு பப், மாமா. இப்போது வீடுகள்" என்றேன். "குடிக்கிற ஊரில் குடிக்கிற கடை எப்படி மூடும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். 1381இல் நடந்த உழவர் கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவன் ஜாக் ஸ்ட்ரா. அவன் இந்த மேட்டில் ஒரு வைக்கோல் வண்டிமேல் ஏறி நின்று பேசினான், அந்த வண்டியைத்தான் "கோட்டை" என்றார்கள் என்பது கதை. கதைதான், ஆதாரம் கேட்காதீர்கள். டிக்கன்ஸ் இங்கே சாப்பிட வந்திருக்கிறார். 1850களில் சோஹோவில் குடியிருந்த கார்ல் மார்க்ஸ், ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு இந்த மேட்டுக்கு நடந்தே வருவார். இந்தப் பப்பில் பியர் குடித்ததைக் கூட வந்த அவர் நண்பர், ஜெர்மன் சோஷலிஸ்ட் லீப்னெக்ட் எழுதி வைத்திருக்கிறார். பழைய கட்டடம் இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் சேதமடைந்தது. இப்போது இருப்பது ரேமண்ட் எரித் என்ற கட்டடக் கலைஞர் 1960களின் தொடக்கத்தில் கட்டியது. டவுனிங் தெருவில் பிரதமர் வீட்டைச் சீரமைத்தவரும் அவரே. 2002இல் பப் மூடியது. பிறகு மேலே பிளாட்டுகள், கீழே உடற்பயிற்சிக் கூடம்.

அதே 210 இன்னும் கொஞ்சம் முன்னால் ஸ்பேனியர்ட்ஸ் இன் வாசலில் நின்று நின்றுதான் போகும். எதிரே பழைய சுங்கச் சாவடி இருப்பதால் சாலை அங்கே ஒரு வண்டி அகலத்துக்குக் குறுகிவிடுகிறது. அந்தப் பப் இன்றும் கூட்டத்தோடு நடக்கிறது. ஒரே சாலை, ஒரே மேடு. ஒன்று பிழைத்தது, ஒன்று பிழைக்கவில்லை. ஏன்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். எங்கள் தெருமுனைப் பப்பும் மூன்று ஆண்டுகளுக்கு முன் இப்படித்தான் போனது. அதன் பெயரை எழுதவில்லை, உரிமையாளரைத் திட்டுவது என் நோக்கமில்லை.

குடிக்காதவள்

முதலில் ஒரு கேள்வி. ஒரு சாராயக் கடை மூடி நாலு குடும்பம் குடியேறினால் நல்லதுதானே? இதற்கு ஏன் ஒப்பாரி?

பழையகணக்கு

குடிக்காதவள் அம்மாவுக்கு: நம் ஊர் மதுக்கடை வரிசையை மனதில் வைத்துக்கொண்டு பப்பைப் பார்த்தால் விளங்காது. எங்கள் தெருப் பப்பில் முதியோர் சீட்டு ஆடினார்கள், கால்பந்துக் குழுவுக்கு உடை மாற்ற அறை இருந்தது, இரங்கல் கூட்டமும் அங்கேதான் நடக்கும். நானும் குடிப்பதில்லை. 31 ஆண்டு கணக்குத் தணிக்கையாளனாக இருந்தவன், அதில் பல ஆண்டுகள் பப் கணக்குகள்.

தம்பி வடகரைவாசி, உங்கள் மாமனார் கேட்டதற்குப் பதில் பியரில் இல்லை, மாடியில் இருக்கிறது. லண்டன் பப் என்பது பெரும்பாலும் கீழே கடை, மேலே நடத்துபவரின் குடும்பம் வசிக்கும் வீடு, பின்னால் முற்றம் அல்லது கார் நிறுத்துமிடம். கீழ்த்தளத்தின் வருமானம் ஆண்டுதோறும் இழுபறியாகவே இருக்கும். மேலே உள்ள சதுர அடியின் விலையோ லண்டனில் ஏறிக்கொண்டே போனது. என்றைக்கு மாடியின் விலை கீழே நடக்கும் தொழிலின் விலையைத் தாண்டியதோ, அன்றைக்கே அந்தப் பப் செத்துவிட்டது. கதவை மூடியது பிறகு நடந்த சடங்கு. ஆள் வராததால் மூடினார்கள் என்பது பாதி உண்மை. நிறைய ஆள் வந்த பப்களும் மூடின.

இன்னொரு பாதி 1989இல் தொடங்குகிறது. அதுவரை பீர் காய்ச்சும் ஆறு பெரிய நிறுவனங்களின் கையில்தான் பெரும்பாலான பப்கள் இருந்தன. குத்தகைக்கு எடுப்பவர் அந்த நிறுவனத்தின் பியரை மட்டுமே, அவர்கள் சொல்லும் விலையில் வாங்க வேண்டும். இதை அங்கே "டை" என்பார்கள். இது ஏகபோகம் என்று அரசு தலையிட்டு, 2,000க்கு மேல் பப் வைத்திருக்கும் நிறுவனங்கள் உபரியில் பாதியை இந்தக் கட்டிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல எண்ணம்தான். நடந்தது வேறு. நிறுவனங்கள் பப்களை மொத்தமாக விற்றன. வாங்கியவர்கள் பியர் காய்ச்சாத, பப்களை மட்டும் சொத்தாக வைத்திருக்கும் புது நிறுவனங்கள். காய்ச்சாதவர்களுக்கு அந்த 2,000 என்ற வரம்பு பொருந்தாது! பஞ்ச் டாவர்ன்ஸ், என்டர்பிரைஸ் இன்ஸ் இரண்டும் ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்தன. வாங்கியது கடனில். கடனுக்கு ஈடு பப்களின் வாடகை. 2008இல் நிதி நெருக்கடி வந்ததும் கடனைக் குறைக்கப் பப்களை விற்க வேண்டிய நிலை. வாங்க வரிசையில் நின்றவர்களில் பப் நடத்துபவரைவிடக் கட்டட டெவலப்பருக்குத்தான் அதிகம் தர முடிந்தது. 2007 ஜூலையில் புகைபிடிக்கத் தடை வந்ததையும், பியர் வரி ஏறியதையும் எல்லோரும் சொல்வார்கள். அவையும் உண்டு. ஆனால் ஒரு பப்பின் பேரேட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது வாடகைப் பக்கம்.

செங்கல்சூளை

பழையகணக்கு ஐயா சொன்னதோடு ஒரு எண் சேர்க்கிறேன். லண்டன் மாநகரில் 2001இல் 4,835 பப்கள். 2016இல் 3,615. மேயர் அலுவலகம் எடுத்த கணக்கு இது. பதினைந்து ஆண்டில் நான்கில் ஒன்று போய்விட்டது.

நான் கட்டட அளவையாளன். விதியின் ஓட்டையைச் சொல்கிறேன். பப்பை வீடாக்க எப்போதும் கவுன்சிலின் திட்ட அனுமதி வேண்டும். ஆனால் 2017 மே வரை இங்கிலாந்தில் பப்பைக் கடையாகவோ உணவகமாகவோ வங்கிக் கிளையாகவோ மாற்ற எந்த அனுமதியும் தேவையில்லை. ஆகவே கீழே சூப்பர் மார்க்கெட்டின் சிறு கிளை வரும். "இது பப்பே இல்லையே" என்று ஆன பிறகு மாடிகளுக்கு வீட்டு அனுமதி கேட்பார்கள். இடிப்பதும் அப்படித்தான்: பழம்பெருமைக் கட்டடங்களின் பாதுகாப்புப் பட்டியலிலோ பாதுகாப்புப் பகுதியிலோ இல்லாத கட்டடத்தை இடிக்க முழு விண்ணப்பம் தேவைப்படாத காலம் அது. 2017இல்தான் பப்களுக்கு இந்தச் சலுகை முற்றாக நீக்கப்பட்டது.

மாடிவீடு

எல்லோரும் டெவலப்பரைத் திட்டுவதற்குள் நானும் ஒரு வார்த்தை. நான் ஒரு பழைய பப்பின் மாடியில்தான் குடியிருக்கிறேன். கிழக்கு லண்டன், இரண்டு அறை, நானும் கணவரும் ஒரு குழந்தையும். இதற்கு முன் ஆறு ஆண்டுகளில் ஐந்து வாடகை வீடு மாறினோம். இந்தக் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்ட அன்று நான் அழுதேன். உங்களுக்கு அது ஒரு பப்பின் சாவு. எனக்கு அது வீடு. இரண்டும் உண்மைதானே அண்ணா?

நிலவறையில் பீப்பாய் இறக்கும் மரக் கதவு நடைபாதையில் இன்னும் இருக்கிறது. குழந்தை அதன்மேல் குதித்து ஓசை கேட்கும்.

வடகரைவாசி

உண்மைதான் தங்கை. வீடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. என் கேள்வி, இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்பது.

பழையகணக்கு

வேண்டியதில்லை என்பதற்கு வரலாறே சாட்சி. விக்டோரியா காலத்தில் வயல்வெளியில் புதுத் தெரு போடும் மேஸ்திரிகள் பல இடங்களில் முதலில் கட்டியது மூலைப் பப்பைத்தான். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அங்கேயே தாகம் தீரும். பிறகு லைசென்ஸோடு அந்தப் பப்பை நல்ல விலைக்கு விற்று, வந்த பணத்தில் தெருவின் மற்ற வீடுகளைக் கட்டினார்கள். வீட்டுக்கு முதல் போட்டதே பப். இப்போது வீட்டுக்காகப் பப்பை விற்கிறோம்.

ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். ஏஞ்சல், எலிஃபன்ட் அண்ட் காசில், சுவிஸ் காட்டேஜ், மேனர் ஹவுஸ், ராயல் ஓக் எல்லாம் விடுதியின் அல்லது பப்பின் பெயர்கள். மைடா வேல் என்ற பகுதிக்கே "ஹீரோ ஆஃப் மைடா" என்ற விடுதியிலிருந்துதான் பெயர். 1806இல் இத்தாலியில் மைடா என்ற இடத்தில் பிரெஞ்சுப் படையை வென்ற தளபதியின் நினைவாக வைத்த பெயர் அது.

செங்கல்சூளை

மைடா வேல் என்றதும் கை சும்மா இருக்கவில்லை. இந்த இழையில் அங்கே உள்ள கார்ல்டன் டாவர்ன் என்ற பப் வராமல் போகக் கூடாது.

கார்ல்டன் வேல் சாலையில் சார்ரிங்டன் என்ற பியர் நிறுவனத்துக்காக 1920–21இல் கட்டியது. முதல் உலகப் போரின் குண்டில் அழிந்த பழைய பப்பின் இடம். இரண்டாம் போரில் சுற்றிலும் கட்டடங்கள் விழ, இது நின்றது. வெளிச்சுவரில் மெருகு ஓடுகள், "மதிய உணவு, தேநீர் அறை" என்ற பொருளில் எழுத்துகள். உரிமையாளர் பத்துப் பிளாட் கட்ட அனுமதி கேட்டார். வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் 2015 ஜனவரியில் மறுத்தது. இதற்கிடையே அக்கம்பக்கத்தார் சந்தேகப்பட்டு, இதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கச் சொல்லி விண்ணப்பித்திருந்தார்கள். அறிவிப்பு வரும் தறுவாய். ஈஸ்டர் திங்களன்று, சரக்குக் கணக்கெடுப்பு என்று சொல்லிப் பப் நடத்திய அம்மாவைக் கடையை மூடச் சொன்னார்கள். ஏப்ரல் 8ஆம் தேதி, பட்டப்பகலில் இயந்திரத்தை விட்டு இடித்துத் தள்ளிவிட்டார்கள். புகைப்படம் பார்த்திருப்பீர்கள்: பாதி அறை திறந்து கிடக்க, மேலே கூரை தொங்கிக்கொண்டிருக்கும்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அடுத்த காட்சி பழகிப்போனது. கவுன்சில் கண்டிக்கும், அபராதம் வரும், டெவலப்பர் அதைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டுப் பிளாட்டைக் கட்டுவார். இங்கே அப்படி நடக்கவில்லை. இருந்தது போலவே செங்கல் செங்கலாகத் திருப்பிக் கட்டு என்று கவுன்சில் உத்தரவிட்டது. மேல்முறையீடு 2016இல் தள்ளுபடி. எப்படி "இருந்தது போலவே" கட்டுவது? முன்கூட்டியே சந்தேகப்பட்டதன் பலன் அங்கேதான் தெரிந்தது. பட்டியலுக்கான ஆய்வில் கட்டடத்தைப் படமெடுத்து, ஓடுகளுக்கு அச்சும் எடுத்து வைத்திருந்தார்கள். இடிபாட்டில் மீட்ட செங்கல்களும் சேர்ந்தன. 2021 ஏப்ரலில், ஊரடங்கு தளர்ந்தபோது, மறுபடி திறந்தது.

நான் போய்ப் பார்த்தேன். தொழில்முறையில் சொல்கிறேன், பூச்சு வேலை அருமை. கொஞ்சம் சுத்தமாக இருப்பதுதான் உறுத்தல்.

வடகரைவாசி

அப்படியானால் ஒரு விநோதம் இருக்கிறது, கவனித்தீர்களா? ஜாக் ஸ்ட்ராஸ் காசில் இரண்டாம் நிலைப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம். சட்டம் காப்பாற்றியது. பலகை ஒன்றுகூட விழவில்லை. பப் போய்விட்டது. கார்ல்டன் பட்டியலில் இல்லை, தரைமட்டம் ஆனது. பப் இருக்கிறது!

செங்கல்சூளை

சரியாகப் பிடித்தீர்கள். பட்டியல் காப்பது கட்டையையும் கல்லையும். உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் காப்பது திட்டச் சட்டத்தின் "பயன்பாட்டு வகை" என்ற வேறு ஏற்பாடு. மக்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். "நம் பப் பட்டியலில் இருக்கிறது, பயமில்லை" என்று தூங்கிவிடுகிறார்கள். ஜாக் ஸ்ட்ராஸில் அதுதான் பாடம். முகப்பு அப்படியே இருக்க, உள்ளே பிளாட் வந்துவிட்டது.

மேயரின் கட்டட வளர்ச்சிக் கொள்கை ஆவணமான 2021 லண்டன் திட்டத்தில் பப்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. இப்போது பப்பை வேறொன்றாக்க விரும்பினால், குறைந்தது 24 மாதம் நியாயமான விலைக்குப் பப்பாகவே விற்கவோ வாடகைக்கு விடவோ முயன்றதைக் காட்ட வேண்டும். "மாடியை மட்டும் வீடாக்குகிறோம், கீழே பப் இருக்கட்டும்" என்பதையும் கூர்ந்து பார்ப்பார்கள். ஏனென்றால் அது பல இடங்களில் இரண்டாவது தூக்குக் கயிறு. மாடிக்குக் குடி வருபவர் ஆறு மாதத்தில் சத்தம் என்று புகார் கொடுப்பார், பாட்டு நிற்கும், இரவு நேரம் குறையும், வியாபாரம் போகும். 2018 முதல், புதிதாகக் கட்டுபவர்தான் சத்தத் தடுப்புக்குப் பொறுப்பு என்று தேசியக் கொள்கை சொல்கிறது.

மாடிவீடு

அந்தப் புகார் கொடுப்பவள் நான் இல்லை. கீழே இப்போது பல் மருத்துவமனை.

நெடுந்தீவான்

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டே இருந்தேன். நான் 1984இல் வந்தவன். எல்லோரும் பப்பை ஊர்ச் சாவடி போல எழுதுகிறீர்கள். யாருடைய ஊர்ச் சாவடி? முதல் குளிர்காலத்தில் வேலைத்தள நண்பர் ஒருவர் என்னை ஒரு பப்புக்குக் கூட்டிப்போனார். கதவைத் திறந்ததும் பேச்சு நின்றது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாத அமைதி அது. அரைக் கோப்பையோடு எழுந்து வந்துவிட்டேன். பிறகு பதினைந்து ஆண்டு எந்தப் பப்பிலும் கால் வைக்கவில்லை.

எனக்கு முந்தைய தலைமுறைக்கு இன்னும் மோசம். பர்மிங்காம் அருகே ஸ்மெதிக்கில் "புளூ கேட்ஸ்" என்ற பப்பில் வெள்ளையர் அல்லாதவருக்கு ஓர் அறையில் பியர் தரமாட்டார்கள். 1965 பிப்ரவரி 12ஆம் தேதி அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அங்கே போனார், அவருக்கும் மறுத்தார்கள். ஒன்பது நாளில் அவரை நியூயார்க்கில் சுட்டுக் கொன்றார்கள். பொது இடங்களில் இப்படிப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் அந்த ஆண்டின் கடைசியில்தான் வந்தது. ஆகவே ஒரு பப் மூடினால் என் நெஞ்சு உடனே உருகாது. கோபத்தில் எழுதவில்லை. கணக்கில் இதையும் எழுதுங்கள் என்கிறேன்.

பழையகணக்கு

எழுதிக்கொண்டேன் அண்ணை. இதைச் சொல்லாமல் நான் நீட்டி முழக்கியது பிழைதான்.

குடிக்காதவள்

நெடுந்தீவான் அண்ணை சொன்னதைப் படித்த பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. மேற்கு லண்டன் சவுத்தாலில் "கிளாஸி ஜங்ஷன்" என்று பஞ்சாபியர் நடத்திய பப் இருந்தது. இந்திய ரூபாய் நோட்டை வாங்கிக்கொண்டு பியர் கொடுத்த இடம்! அதுவும் மூடிவிட்டது. பிறகு அங்கே தென்னிந்திய உணவகம் வந்தது. எங்கள் வீட்டில் அப்போது இதைப் பற்றிக் கொண்டாட்டமாகப் பேசினோம். அங்கே குடித்துக்கொண்டிருந்த பஞ்சாபித் தாத்தாக்கள் எங்கே போனார்கள் என்று இன்று வரை யோசித்ததில்லை.

நெடுந்தீவான்

அதுதான் தங்கச்சி. மிட்லண்ட்ஸில் ஒரு காலத்தில் உள்ளே விடாத பப்களைப் பிறகு பஞ்சாபியர்களே வாங்கி, நெருப்பில் சுட்ட கோழியும் பியருமாக நடத்துகிறார்கள். வெள்ளைக்காரக் கிழவர்களும் பக்கத்து மேசையில் இருக்கிறார்கள். மூடாமல் இருந்ததால்தான் அது நடந்தது. இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

புதுக்குடியேற்றம்

வணக்கம், இழைக்குப் புதியவன். பொது வரலாறு போதும், அவசரமாக ஒரு கேள்வி. எங்கள் பகுதிப் பப் போன மாதம் கைமாறியது. மூடவில்லை. ஆனால் வாங்கியவர் அளவு நாடாவோடு ஆட்களை அனுப்பிப் பின்முற்றத்தை அளந்து போகிறார். நடத்துபவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்போதே செய்யக்கூடியது ஏதாவது உண்டா? இடித்த பிறகு கட்டச் சொல்வதற்குப் பதில்?

செங்கல்சூளை

உண்டு. 2011ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தில் "சமூக மதிப்புள்ள சொத்து" என்று பதியும் வழி இருக்கிறது. சங்கம் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. 21 பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் போதும். எல்லோரும் அந்தக் கவுன்சிலின், அல்லது அதை ஒட்டிய கவுன்சிலின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். எட்டு வாரத்துக்குள் கவுன்சில் முடிவு சொல்ல வேண்டும். பதிந்துவிட்டால், உரிமையாளர் விற்க நினைக்கும்போது ஊர்க்குழு "நாங்கள் வாங்க முயல்கிறோம்" என்று ஆறு வாரத்தில் சொல்லலாம். சொன்னால் மொத்தம் ஆறு மாத அவகாசம். விற்றே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். தெற்கு லண்டன் நன்ஹெட்டில் ஐவி ஹவுஸ் பப்பைக் காப்பாற்றியது இந்த வழிதான். நாட்டிலேயே முதலில் இப்படிப் பதிவான பப் அது. 371 பேர் பங்கு வாங்கி, 2013இல் கூட்டுறவாகத் திறந்தார்கள்.

உங்கள் பப் ஏற்கெனவே கைமாறிவிட்டதால் அந்த அவகாசம் அடுத்த விற்பனைக்குத்தான். ஆனால் பதிவு இருந்தால், பிளாட் விண்ணப்பம் வரும்போது கவுன்சில் அதை எடைபோட முடியும். இன்னொன்று: இன்றே போய் உள்ளும் புறமும் படமெடுத்து வையுங்கள். ஓடு, கண்ணாடி, மரவேலை, கூரையின் அளவு எல்லாம். கார்ல்டனை நினைத்துக்கொள்ளுங்கள்.

புதுக்குடியேற்றம்

நன்றி ஐயா. நேற்று நாற்பது படம் எடுத்துவிட்டேன். 21 பேர்தான் சிக்கல். பதினான்கு பேர் சேர்ந்திருக்கிறோம். பலருக்கு வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை. எங்கள் பகுதி பிரென்ட்.

வடகரைவாசி

நான் பார்னெட். ஒட்டிய கவுன்சில்தானே? பதினைந்தாக எழுதிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாமனாரையும் கூட்டி வருகிறேன். அவரால் கையெழுத்திட முடியாது, ஆனால் பப்பை உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமாம்.

நெடுந்தீவான்

நான் ஹாரோ. பிரென்டுக்குப் பக்கம்தான். நான் அந்தப் பப்புக்கு வந்ததே இல்லை, வரப்போவதாகவும் உறுதி தரமாட்டேன். படிவத்தை அனுப்புங்கள்.